கித்துள் என்ற பெயரில் சீனிப்பாகு

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு வட்டிலப்பம் செய்யலாம் என்று முதன்முறையாகத் தனியே சந்தை முழுவதும் சுற்றிப் பொருள்கள் வாங்கினேன். ‘அசல் கித்துள்’ என்று சொல்லித் தந்த கருப்பட்டி அரைக் கிலோ. பத்து முட்டை, தேங்காயின் முதற்பால், ஏலம், சாதிக்காய் எல்லாம் சேர்த்து அவணில் (பேக்கிங் அடுப்பில்) வைத்தேன். வெளிறிப்போய், வெறும் சீனி போட்டதுபோல் இனித்தது. என் கைப்பிழையா?
– வாசகி, உப்புவெளி

பதில்: இல்லை, தங்கை. நீங்கள் எழுதிய அளவுகளை இரண்டு முறை படித்தேன். உங்கள் கையில் பிழையில்லை. உங்களுக்கு விற்றவர் ஏமாற்றியிருக்கிறார்.

கித்துள் என்ற பனையின மரம் நம் பக்கத்து வறண்ட நிலத்து மரமன்று. கேகாலை, இரத்தினபுரி, கண்டி, மாத்தளை போன்ற மழை வளமுள்ள மலைப்பக்கங்களில் வளர்வது. ஆகவே திருகோணமலைச் சந்தையில் இருக்கும் ஒவ்வொரு கித்துள் கட்டியும் பல கைகள் மாறி வந்திருக்கிறது. “எங்கள் வளவு மரத்துக் கித்துள்” என்று இங்கே ஒருவர் சொன்னால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடுங்கள். மரமேறுபவர் காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். இறக்கிய பதநீர் சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் காய்ச்ச வேண்டும். பல போத்தல் பதநீர் வற்றித்தான் ஒரு போத்தல் பாணி, அதாவது பாகு, ஆகிறது. அதை இன்னும் இறுக்கினால்தான் கருப்பட்டி. உயிரைப் பணயம் வைத்த அந்த உழைப்புக்கு ஒரு விலை இருக்கிறது. சீனியை உருக்கி, நிறம் ஏற்றி, மணத்துக்குக் கொஞ்சம் கித்துள் கலப்பவருக்கு அடுப்பும் அரை மணி நேரமும் போதும். அவர் மரமேறியையும் ஏமாற்றுகிறார், உங்களையும் ஏமாற்றுகிறார். எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

நல்ல கட்டி கருமை கலந்த பழுப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் மெதுவாக உதிரும். புகை மணம் வரும். இனிப்புக்குப் பின்னால் நாக்கில் ஒரு சிறு கசப்பு நிற்கும். சீனி மிகுந்த கட்டி கல்லாக இருக்கும், உடைத்த இடம் மினுங்கும், இனிப்பைத் தவிர வேறொன்றும் சொல்லாது. ஆனால் கலப்பதில் தேர்ந்தவர்களின் சரக்கை நாக்கால் மட்டும் பிடிக்க முடியாது. அதனால் விலையையும் பாருங்கள். சீனி விலையைவிடச் சற்றே கூடிய விலைக்குக் கித்துள் கிடைக்கிறதென்றால் அது கித்துள் அன்று. பொதி செய்ததாக இருந்தால் உள்ளடங்கிய பொருள்களின் பட்டியலை வாசியுங்கள். முன்பக்கத்தில் கித்துள் மரத்தின் படமும் பின்பக்கத்துச் சிற்றெழுத்தில் ‘சீனி’யும் இருக்கும் போத்தல்களை நானே பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தைப்பொங்கலை ஒட்டி ஆறு போத்தல் பாணி மொத்தமாக வாங்கினேன். விற்றவர் தெரிந்தவர் என்பதால் ஒன்றையும் திறந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து ஊற்றினால் நிறமூட்டிய பாகு; ஆறிலும் அதே. பற்றுச்சீட்டும் கேட்டு வாங்கவில்லை. அன்று போன பணத்தை விட, அந்தப் பாணியை நம்பிக் கிளறிய மூன்று கிலோ மாவுதான் இன்றும் மனத்தை அரிக்கிறது. அவணுக்குள் போகும் பொருளில் ஒன்று பொய்யானால் மெய்யான மற்ற எல்லாவற்றையும் அது கெடுத்துவிடும். உங்கள் பத்து முட்டையும் தேங்காயும் ஒரு நாள் உழைப்பும் அந்த அரைக் கிலோவோடு போய்விட்டன.

மிச்சக் கட்டி இருந்தால் வீசாதீர்கள். உறையோடு கட்டி, வாங்கிய நாளைக் குறித்து, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். கலப்படம் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வரும் குற்றம். பொய்ப் பெயரில் விற்றதற்கு நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் முறையிடலாம்; 1977 என்ற எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள். மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

கேள்வி: பேக்கிங் பவுடர் டப்பாவில் திகதி முடிந்து நான்கு மாதம் ஆகிறது. பயன்படுத்தலாமா?
– மூதூர்

பதில்: ஒரு தேக்கரண்டியைச் சுடுநீரில் போடுங்கள், நுரைத்துப் பொங்காவிட்டால் குப்பைக்கு. அடுத்த முறை திகதியைக் கடையிலேயே பாருங்கள்.

கேள்வி: வீதியோரக் கூடாரத்தில் பாதி விலை என்று மின் அவண் வாங்கினேன். பத்தாம் நாள் சூடேறவில்லை. பற்றுச்சீட்டுத் தரவில்லை, உத்தரவாத அட்டையில் முத்திரையும் இல்லை. இப்போது கூடாரத்தையும் காணவில்லை.
– அனுராதபுரச் சந்தி

பதில்: ஐயா, இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது விற்பவரின் சட்டக் கடமை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் அதைச் சொல்கிறது. நீங்கள் கேட்கவே இல்லை. முத்திரையில்லாத உத்தரவாத அட்டை வெறும் காகிதம். ஆள் யார், கடை எது என்று தெரியாமல் யார்மீது முறையிடுவது? நல்ல மின் திருத்துநரிடம் காட்டுங்கள். சூடேற்றும் கம்பி மட்டும் போயிருந்தால் மாற்றிவிடலாம்.

நான் வாங்கிய அவணும் சரியாக அமையவில்லை. குமிழ் 180 பாகையைக் காட்டும். உள்ளே 140க்கு மேல் ஏறாது. மூன்று கேக் நடுவில் அமிழ்ந்த பிறகுதான் உள்ளே வைக்கும் சிறு வெப்பமானி ஒன்றை வாங்கிப் பார்த்தேன். பற்றுச்சீட்டும் முத்திரையிட்ட அட்டையும் கையில் இருந்ததால் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வெப்பச்சீராக்கியை மாற்றித் தந்தார். எந்த அவணையும் கடையிலேயே செருகி, சூடேறுவதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: முப்பது வருடம் கழித்து இலண்டனிலிருந்து ஊருக்கு வந்திருக்கிறேன். நம் சந்தைப் பொருள்களைக் கொண்டே ஓர் இனிப்புக் கேக் செய்து பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசை. எதை எங்கே பார்த்து வாங்குவது?
– வாசகி, தற்போது நிலாவெளி

பதில்: வாருங்கள் அக்கா. நீங்கள் கேட்டதே எனக்கு மகிழ்ச்சி. எருமைத் தயிரிலிருந்து தொடங்குங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து சட்டிச் சட்டியாக வரும். சட்டியைச் சற்றே சரித்துப் பாருங்கள். தயிர் அசையாமல் நின்றால் நல்லது. மேலே தண்ணீர் மிதந்தால் வேண்டாம். மண்சட்டி ஈரத்தை உறிஞ்சுவதால்தான் அந்தக் கட்டித்தன்மை வருகிறது. பிளாஸ்டிக் கிண்ணத்துத் தயிரில் அதை எதிர்பார்க்காதீர்கள். இனிப்புக்குக் கித்துளைத் தேடி அலைய வேண்டாம், பனங்கட்டி வாங்குங்கள். ஓலைக் குட்டானில் வருவதை முகர்ந்து பாருங்கள். புளிப்பு வாடை இருக்கக்கூடாது. கஜுவில் (முந்திரிப்பருப்பில்) ஒன்றைக் கடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள், காறல் அடித்தால் கேக் முழுவதும் அடிக்கும். கருவாடு வாங்குவதென்றால் கடைசியில் வாங்கித் தனிப் பையில் கொண்டுபோங்கள். மாவும் பட்டரும் அந்த மணத்தை இழுத்துக்கொள்ளும்.

பனங்கட்டி 250 கிராமை நான்கு மேசைக்கரண்டி சுடுநீரில் கரைத்து வடிகட்டுங்கள். மண் இல்லாத பனங்கட்டியை நான் கண்டதில்லை. ஆறியதும் தயிர் 300 கிராம், உருக்கிய பட்டர் 125 கிராம், மூன்று முட்டை சேர்த்து அடியுங்கள். அதில் ரவை 250 கிராம், கோதுமை மா 100 கிராம், ஒரு கோப்பை தேங்காய்ப்பூ, ஏலப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு. அரை மணி நேரம் மூடி வையுங்கள், ரவை ஊற வேண்டும். அவண் சூடானதும் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடரைக் கலந்து, பட்டர் பூசிய ஒன்பது அங்குலத் தட்டில் ஊற்றி, மேலே கஜுவைப் பதித்து 170 பாகையில் முக்கால் மணி நேரம். ஈர்க்கை நடுவில் குத்தி எடுத்தால் ஒட்டக்கூடாது. மிச்சத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்து, வெட்டிய துண்டின்மேல் ஒரு கரண்டி வையுங்கள். பேரப்பிள்ளைகள் இரண்டாம் துண்டு கேட்பார்கள்.

கேள்வி: ஒரு கிலோ கஜு என்று வாங்கினேன். வீட்டில் நிறுத்தால் 930 கிராம். கடையில் கிண்ணத்தோடு நிறுத்தார்கள்.
– திருகோணமலை நகர்

பதில்: வெறும் கிண்ணத்தை வைத்து எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்த பிறகே பொருளைப் போட வேண்டும். அதை நின்று பாருங்கள், வெட்கப்படாதீர்கள். கஜு விற்கும் விலையில் 70 கிராம் சிறிய பணமன்று. வணிகத் தராசுகளை அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் சோதித்து முத்திரையிட வேண்டும். முத்திரை எங்கே என்று கேளுங்கள். நிறை குறைத்து விற்றவர்மீது தயங்காமல் முறையிடுங்கள். உங்களுக்குப் பின்னால் நிற்கும் முதியவர் அதே தராசில்தான் வாங்கப் போகிறார்.

கேள்வி: பட்டர் என்று வாங்கிவந்த பொதியில் ‘ஃபட் ஸ்ப்ரெட்’ என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றா?
– சீனன்குடா

பதில்: ஒன்றன்று. அதில் கொழுப்புக் குறைவு, தண்ணீர் அதிகம். கேக் அதே பதத்தில் வராது. ஏமாற்றியது பொதியன்று, நீங்கள் வாசிக்கவில்லை. பாணில் (ரொட்டியில்) பூசித் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: கறுவா என்று தடித்த, மரத்துண்டு போன்ற பட்டையைத் தந்தார்கள். நல்லதா?
– குச்சவெளி

பதில்: அது கசியாப் பட்டை. நம் நாட்டுக் கறுவா மெல்லிய பல அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், கையால் நொறுக்கலாம். கறுவா விளையும் நாட்டில் கறுவாவின் விலைக்குக் கசியாவை வாங்காதீர்கள். திருப்பிக் கொண்டுபோங்கள்.