ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி: கதை ஊட்டியிலிருந்து தொடங்குகிறது

கேள்வி: சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தொடங்கியவர்கள் யார்? ஒரு வெளிநாட்டுக் கன்னியர் சபை இங்கே வந்து கல்லூரி தொடங்கியது எப்படி?

பதில்:

தொடங்கிய நாள் 1947 ஆகஸ்ட் 15. மயிலாப்பூர் செயின்ட் தாமஸ் கான்வென்ட் வளாகத்தில் ஒரு சின்னக் கட்டடம், 32 மாணவிகள். நடத்தியவர்கள் பிரான்சிஸ்கன் மிஷனரீஸ் ஆஃப் மேரி, அதாவது எஃப்.எம்.எம். சிஸ்டர்ஸ். ஆனால் ‘வெளிநாட்டுச் சபை’ என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அந்தச் சபை பிறந்ததே நம் ஊட்டியில்தான். ஸ்டெல்லா மாரிஸில் படித்த பலருக்கும்கூட இது தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அந்தச் சபையை நிறுவியவர், பிரான்ஸின் நாந்த் நகரில் 1839-இல் பிறந்த எலேன் டி ஷாப்போத்தான். வேறொரு சபையின் துறவியாக 1865-இல் மதுரை மிஷனுக்கு, அதாவது மதுரைப் பகுதிக் கத்தோலிக்க மறைபணிக்கு வந்தார். முப்பது வயது ஆகும் முன்பே அந்தப் பகுதி மடங்களுக்குத் தலைவியாகிவிட்டார். பிறகு மிஷனுக்குள் கருத்து வேறுபாடு முற்றியது. 1876-இல் அவரும் இருபது பேர் அளவிலான சகோதரிகளும் பழைய சபையை விட்டு விலகி ஊட்டியில் ஒன்றுகூடினார்கள். மடத்தை விட்டு வெளியேறிய கன்னியர் என்றால் அந்தக் காலத்தில் ஊர் என்ன பேசியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் ஒதுங்கிப் போகவில்லை. நேராக ரோமுக்குப் போய்த் தங்கள் நிலையை எடுத்துச் சொன்னார். 1877 ஜனவரி 6 அன்று போப் ஒன்பதாம் பயஸ் புதிய சபைக்கு அனுமதி தந்தார். ‘பிரான்சிஸ்கன்’ என்பது சேர்ந்தது அதற்குப் பிறகு, 1882-இல் அவர்கள் அசிசி பிரான்சிஸின் வழியை ஏற்றபோது. நீலகிரியில் தொடங்கிய சபை சீனா வரை போனது. 1900-இல் அங்கே நடந்த கலவரத்தில் ஏழு சகோதரிகள் உயிரைக் கொடுத்தார்கள். எலேனுக்கு 2002-இல் அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கிடைத்தது.

சரி, கல்லூரிக்கு வருவோம். சென்னையில் பெண்கள் கல்லூரி என்றால் அதற்கு முன்பே ராணி மேரியும் (1914) விமன்ஸ் கிறிஸ்டியனும் (1915) இருந்தன. 1947-இல் இவர்கள் தொடங்கிய நாள், கத்தோலிக்கர்களுக்கு மாதாவின் விண்ணேற்புத் திருநாள். அதே நாளில் நாட்டுக்கும் விடுதலை. 1960-இல் கதீட்ரல் சாலையில் இப்போது இருக்கும் இடத்துக்கு மாறினார்கள். 1987-இல் தன்னாட்சி கிடைத்தது.

அந்தச் சகோதரிகள் செய்ததில் நான் பெரிதாக நினைப்பது நுண்கலைத் துறையைத்தான். ஹங்கேரியிலிருந்து வந்த சிஸ்டர் எடித் தொமோரி அதை வளர்த்தெடுத்தார். ஓவியமும் சிற்ப வரலாறும் பெண்பிள்ளைகளுக்குப் பொழுதுபோக்கு என்றே வீடுகளில் நினைத்த காலம் அது. அதைப் பட்டப்படிப்பாக்கி, இந்தியக் கோயில் சிற்பத்தையும் ஐரோப்பிய ஓவியத்தையும் ஒரே வகுப்பில் சமமாக வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.