எந்தத் தோட்டா பொருந்தும்? வாசகர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட் வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த மாதம் பதில்.

கேள்வி: வணக்கம் ஐயா. என் தம்பி மெல்பர்னில் இருக்கிறார். முறைப்படி உரிமம் எடுத்துவிட்டார். கன்ஸ்மித்திடம் (துப்பாக்கித் தொழிலாளி) கொடுத்துத் தனக்கென்று ஒரு ரைஃபிள் கட்டப் போகிறார். விக்டோரியா மலைக்காட்டில் கடமான் வேட்டை, கிளப்பில் 600 மீட்டர் இலக்குச் சுடுதல், இரண்டுக்கும் அது ஒன்றேதான். 6.5 க்ரீட்மோர், .308 வின்செஸ்டர், .300 வின்செஸ்டர் மேக்னம், இந்தத் தோட்டா வகைகளில் எது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீங்கள் எதைச் சொல்வீர்கள்?
– தோட்டக் கிராணி, சுங்கை சிப்புட்

பதில்: .308 எடுக்கச் சொல்லுங்கள். அதற்குக் காரணம் வேகப் பட்டியல் இல்லை, விக்டோரியாவின் வேட்டை விதி. அங்கே கடமானைச் சுடக் குண்டின் விட்டம் குறைந்தது .270 அங்குலம், எடை குறைந்தது 130 கிரெய்ன் (ஏறக்குறைய 8.4 கிராம்) இருந்தாக வேண்டும். 6.5 க்ரீட்மோரின் குண்டு .264 அங்குலம்தான். மயிரிழை வித்தியாசம்தான், ஆனாலும் அதைக் கொண்டு கடமானைச் சுட்டால் குற்றம். நம் ஊர்க் காட்டில் இருக்கும் ரூசாவும் அதே இனம்தான். வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். அப்படிப்பட்ட உயிரைக் காயத்தோடு ஓடவிடுவது கொடுமை, அதனால் இந்த விதி எனக்கு முழுச் சம்மதம்.

இலக்குக்கு மட்டும் என்றால் என் பதில் வேறாக இருக்கும். 2007இல் ஹார்னடி தோட்டா நிறுவனம் கொண்டுவந்த 6.5 க்ரீட்மோர் அந்த வேலைக்கென்றே செய்தது. அதன் குண்டு நீளமாக, மெலிந்து இருக்கும். 600 மீட்டரில் பக்கக்காற்று அதைத் தள்ளும் தூரம், 168 கிரெய்ன் .308 குண்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. சுடும்போது தோளில் விழும் உதையும் குறைவு.

.300 மேக்னம் வேண்டவே வேண்டாம். அதற்கு நீண்ட ஆக்‌ஷனும் அகன்ற போல்ட் முகமும் தேவை. (தோட்டாவை ஏற்றிப் பூட்டிச் சுடும் பொறிதான் ஆக்‌ஷன்; அதில் தோட்டாவின் அடியைப் பிடிப்பது போல்ட் முகம்.) .308ஐவிட வெடிமருந்து அரை மடங்குக்கு மேல் கூடுதலாக எரிவதால் குழலின் தொண்டை, அதாவது குண்டு குழலுக்குள் நுழையும் பகுதி, சீக்கிரம் அரித்துவிடும். .308 குழல் 5,000 சுடு வரை துல்லியம் காட்டும். மேக்னம் 2,000ஐ ஒட்டியே தளரத் தொடங்கும். கிளப்பில் ஒரே நாளில் 50, 60 தோட்டா சுடுகிறவருக்கு இது பெரிய செலவு. அதைவிட மோசம் உதை. அதற்கு அஞ்சி விசையை வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால், பிறகு எந்தத் துப்பாக்கியிலும் குறி தப்பும்.

7 மி.மீ.-08 ரெமிங்டனும் விதிக்குள் வரும், தோளுக்கும் இதமானது. ஆனால் கடையில் .308 கிடைக்கிற அளவுக்கு அதன் தோட்டா வகைவகையாகக் கிடைக்காது.

இனி, கன்ஸ்மித்திடம் என்ன கேட்பது? ஆக்‌ஷன் குட்டை வகை, போல்ட் முகம் .473 அங்குலம். .308, 7 மி.மீ.-08, .243, 6.5 க்ரீட்மோர் நான்குக்கும் அடிப்பக்க அளவு ஒன்றே. நாளைக்குத் தம்பி இலக்குப் போட்டியில் முழுதாக இறங்கினால், குழலை மட்டும் க்ரீட்மோருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆக்‌ஷன், ஸ்டாக் (துப்பாக்கியின் கட்டை), தொலைநோக்கி எல்லாம் அப்படியே இருக்கும். காசை ஆக்‌ஷனில் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

குழலின் ட்விஸ்ட், அதாவது குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளங்களின் முறுக்கு, 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இதைச் சரிபார்க்கப் பழைய கிரீன்ஹில் கணக்கு போதும்: குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். எல்லாம் அங்குலத்தில். .308 × .308 × 150 என்றால் 14.2. குண்டு 1.3 அங்குல நீளம் என்றால் விடை 11க்குச் சற்றுக் குறைவு. ஆகவே 10 போதும், 12 போதாது. சுழற்சி போதாத குண்டு ஆடிக்கொண்டே போய்த் தாளில் பக்கவாட்டில் விழும்; வட்ட ஓட்டைக்குப் பதில் சாவித் துவாரம் போன்ற கிழிசல் தெரியும். கணக்கில் வருவது நீளம், எடை அல்ல என்பதைக் கவனியுங்கள். முழுச் செம்புக் குண்டு, அதே எடை ஈயக் குண்டைவிட நீளமானது.

குழல் நீளம் 22 அல்லது 24 அங்குலம். ஓர் அங்குலம் குறைத்தால் வினாடிக்கு 6 முதல் 8 மீட்டர் வேகம் போகும், அவ்வளவுதான். காட்டுக்குள் தூக்கிக்கொண்டு நடக்கிறவர் என்றால் 22.

சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை) வெட்டும் முன், தம்பி சுடப்போகும் குண்டு பொருத்திய, மருந்தும் ப்ரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் மூடி) இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றைக் கன்ஸ்மித்திடம் கொடுக்கட்டும். தொண்டையின் நீளத்தை அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். .308 தோட்டாவின் மொத்த நீளத்துக்கு வரம்பு 2.81 அங்குலம். அதைத் தாண்டிக் குண்டை வெளியே நீட்டிப் பொருத்தினால் சேம்பரில் போகலாம், மேகசினில் போகாது.

ரைஃபிள் கைக்கு வரும் நாளில் ஹெட்ஸ்பேஸை (சேம்பரில் தோட்டா உட்காரும் ஆழம்) கண் முன்னால் அளந்து காட்டச் சொல்ல வேண்டும். ‘கோ’ அளவி 1.630 அங்குலம், அதன்மேல் போல்ட் மூட வேண்டும். ‘நோ-கோ’ 1.634, அதன்மேல் மூடக் கூடாது. மூடினால் சேம்பர் ஆழம் அதிகம் என்று பொருள். சுடும்போது பித்தளை உறை இழுபட்டு, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே வளையமாக மெலிந்து, கடைசியில் அறுந்துபோகும்.

வேட்டைக்கு 165 அல்லது 180 கிரெய்ன், உள்ளே போய் விரியும் குண்டு. இலக்குக்கு 168 மேட்ச் (போட்டிக்கான) குண்டு. மேட்ச் குண்டைக் காட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அதன் முனையில் இருக்கும் துளை விரிவதற்காக வைத்தது அல்ல; சில சமயம் ஊசிபோலத் துளைத்துக்கொண்டு போகும், சில சமயம் மேலோட்டமாகவே சிதறும். வேட்டைக் குண்டும் மேட்ச் குண்டும் ஒரே இடத்தில் விழாது என்பதால், 100 மீட்டரில் இரண்டையும் சுட்டு, தொலைநோக்கியில் எத்தனை க்ளிக் வித்தியாசம் என்று ஸ்டாக்கில் ஒட்டிவைக்கட்டும்.

கேள்வி: அதேபோல் இங்கே ஒன்று கட்டிக்கொள்ள முடியுமா?
– வாசகர், லிந்தாங்

பதில்: முடியாது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி செய்வது குற்றம். உரிமமில்லாததை வைத்திருந்தாலே 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டத்தின் கீழ் சிறையும் பிரம்படியும் உண்டு. பட்டறையில் முயன்று பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் விலகிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பன்றி இளங்கன்றுகளைத் தோண்டித் தின்கிறது. நிர்வாகத்திடம் உரிமம் உள்ள 12 போர் துப்பாக்கி இருக்கிறது. எஸ்ஜி (பல குண்டுகள் உள்ள தோட்டா) நல்லதா, ஸ்லக் (ஒற்றைக் குண்டு) நல்லதா?
– மண்டோர், சுங்கை சிப்புட்

பதில்: அண்ணே, துப்பாக்கி உரிமம் மட்டும் இருந்தால் போதாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010 பன்றிக்கும் பொருந்தும். பெர்ஹிலிதான் (வனவிலங்குத் துறை) அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

தோட்டத்துக்குள் எஸ்ஜி போதும். ஒவ்வொரு குண்டும் ஏறக்குறைய 8.4 மி.மீ., தோட்டா ஒன்றில் பொதுவாக 9 இருக்கும். எத்தனை தூரம் என்பதை அட்டையிடம் கேளுங்கள்: 20 செ.மீ. வட்டம் வரைந்து 20, 25, 30 மீட்டரில் ஒவ்வொன்று சுடுங்கள். பாதிக்கும் குறைவாக வட்டத்தில் விழும் தூரம் உங்கள் துப்பாக்கிக்கு ஆகாத தூரம். தோட்டத்தில் தூரம் பார்க்க மரமே அளவுகோல். சமதரையில் மரத்துக்கு மரம் 9 மீட்டர் நட்டிருந்தால், மூன்று இடைவெளி 27 மீட்டர். உங்கள் பிளாக்கில் ஒருமுறை நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள்.

ஸ்லக் ஒற்றை ஈயக்கட்டி. குறி தவறினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். எஸ்ஜி குண்டும் 600 மீட்டரைத் தாண்டும். காலையில் குலை வெட்டுகிறவர்கள் எந்த நிரையில் இருக்கிறார்கள் என்று தெரியாமல் எதையும் சுடாதீர்கள். பின்னால் மண் திட்டோ சரிவோ இருக்க வேண்டும். மட்டை அடுக்கு குண்டைத் தடுக்காது. ஸ்லக் தேவைப்பட்டால் குழலின் சோக்கைப் பாருங்கள். ஃபுல் சோக்கில் குழல் வாய் ஏறக்குறைய 1 மி.மீ. குறுகியிருக்கும், தயாரிப்பாளர் அனுமதிக்காமல் அதில் ஸ்லக் போடக் கூடாது.

இன்னொன்று. குழலில் 65, 70, 76 என்று சேம்பர் நீளம் பொறித்திருக்கும். அதைவிட நீளமான தோட்டா உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து. சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். 20 போர் தோட்டாவையும் 12 போர் தோட்டாவையும் ஒரே பையில் போடவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கி, சேம்பருக்கு முன்னால் சிக்கிக்கொள்ளும். காலி என்று நினைத்து அடுத்ததைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து இடக்கை போகும். 20 போருக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இதற்காகத்தான்.

கேள்வி: தோட்டாவில் பச்சை பூத்திருக்கிறது. சுடலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: துணியால் துடைத்ததும் போகிற லேசான கறை என்றால் பரவாயில்லை. நகத்தில் குழி தட்டுப்பட்டாலோ ப்ரைமரைச் சுற்றிப் பச்சை இருந்தாலோ சுட வேண்டாம், உரிமம் பெற்ற கடையில் அல்லது போலீஸ் நிலையத்தில் ஒப்படையுங்கள். நம் ஈரக்காற்றில் தோட்டாவைத் தோல் பட்டையில் விட்டுவைப்பதுதான் முதல் தவறு. பதனிட்ட தோலின் அமிலம் பித்தளையை அரிக்கும். ரப்பர் வளையம் உள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் வைக்காதீர்கள்; சூடேறிய மருந்து அழுத்தத்தைக் கூட்டும்.

கேள்வி: மகள் கிளப் துப்பாக்கியில் 50 மீட்டர் ரைஃபிள் பழகுகிறாள். .22இல் வேகமான தோட்டா வாங்கித் தரட்டுமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம் அக்கா. ‘ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி’ என்று எழுதியது வாங்குங்கள், வினாடிக்கு 330 மீட்டரை ஒட்டியது. வேகமான வகை ஒலியைவிட விரைவாகக் கிளம்பி, 50 மீட்டரை நெருங்கும்போது ஒலியின் வேகத்துக்கு இறங்கும். அந்தக் கட்டத்தில் குண்டு தடுமாறும். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ.தான், தடுமாற்றத்துக்கு அதில் இடமில்லை.

மூன்று நான்கு தயாரிப்புகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துப் பத்துப் பத்தாகச் சுடச் சொல்லுங்கள். நன்றாகக் கூடி விழும் பெட்டியின் லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதி எண்) குறித்துக்கொண்டு, கிளப் வழியாக அதே எண்ணில் மொத்தமாக வாங்குங்கள். ஒரே தயாரிப்பிலும் லாட்டுக்கு லாட் வித்தியாசம் இருக்கும். தயாரிப்பு மாறும்போது முதல் பத்துச் சுடுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முந்தைய தோட்டாவின் மெழுகுப் பூச்சு போய்ப் புதியது குழலில் படிய அவ்வளவு ஆகும்.