மலைக்கு டர்போவா, எலக்ட்ரிக்கா?

கேள்வி: பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐயை மாற்றலாம் என்று இருக்கிறேன். மனசு மேனுவல் கியர் வைத்த டர்போ பெட்ரோல் கார் விர்டஸ் ஜிடி 1.5 மேல். மகளோ எலக்ட்ரிக் காரான மஹிந்திரா பிஇ 6 வாங்கச் சொல்கிறாள். "சத்தம் இல்லை, கியர் இல்லை, அது ஒரு காரா?" என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். வாரம் ஒருமுறையாவது மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுவேன். எதை வாங்கலாம்?
– வாசகர், குன்னூர்

பதில்: நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் இரண்டாவது கியருக்கு இறக்கி, திரும்பியதும் இன்ஜினை முறுக்கி ஏற்றும் சுகம் எலக்ட்ரிக்கில் கிடையாது. ஹூண்டாய்கூட தன் அயோனிக் 5 என் காரில் செயற்கையாகக் கியர் மாறும் உணர்வையும் சத்தத்தையும் சேர்த்திருக்கிறது. அந்த ஏக்கம் கம்பெனிக்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

ஆனால் இழுவை என்று வந்தால் எலக்ட்ரிக்தான். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் ஏறக்குறைய அதே அளவு சக்தியை இழக்கும். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். எலக்ட்ரிக் மோட்டாருக்குக் காற்றே வேண்டாம். மிதித்த நொடியில் இழுக்கும். என்ன, பேட்டரியின் கனம் வளைவில் தெரியும், டயரும் சீக்கிரம் தேயும். அப்புறம், முன்னால் ஒரு பஸ் போனால் விர்டஸின் 150 குதிரைத்திறனும் பிஇ 6-இன் 280-ம் ஒன்றுதான். வேகம் பார்க்கும் ஆசை இருந்தால் கோவை செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக் இருக்கிறது, அங்கே போங்கள்.

நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இறக்கம். ஆட்களோடு இரண்டு டன் எடையுள்ள கார் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை சுமார் 1,500 மீட்டர் உயர, அந்த உயரத்துக்கு மட்டுமே 8 யூனிட் மின்சாரம் வேண்டும். இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து, அதில் பெரும்பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பிவிடும், பிரேக்கும் சூடாகாது. ஆனால் வீட்டில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமிருக்காது. மோட்டாரின் பிடி தளர்ந்து, பாரம் முழுக்க பிரேக் மேல் விழும். மலையிலிருந்து இறங்குகிற நாளில் 80, 85 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். குன்னூரில் பல வீடுகளுக்குப் படியேறித்தான் போக வேண்டும், கார் ரோட்டோரம் நிற்கும், வீட்டிலிருந்து சார்ஜ் போட வழியில்லை. உங்களுக்கும் அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம், விர்டஸை வாங்குங்கள், மேனுவலாகவே. வாசலில் கார் நிற்கும் என்றால் என் ஓட்டு மகளுக்கு. புக் செய்வதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். எர்த் சரியில்லாத பழைய வீடுகளில் பல எலக்ட்ரிக் கார்கள் சார்ஜ் ஏற மறுக்கும். டெஸ்ட் டிரைவையும் கோவை பைபாஸில் முடித்துவிடாதீர்கள். மலைப்பாதையில் இருக்கும் பர்லியார் வரைக்கும் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள்.