காக்காவுக்கு நரியின் திட்டம் தெரியுமா?

கே: என் மகள் மூன்றாம் வகுப்பு. தெரிந்த கதை ஒன்றை அதில் வரும் ஒருவரே சொல்வதுபோல எழுதி வரச் சொன்னார்கள். பாட்டி வடை சுட்ட கதையைக் காக்கா சொல்வதாக எழுதினாள். 'நான் பாட்டியின் வடையைத் திருடினேன். மரத்தில் உட்கார்ந்தேன். நரி என்னை ஏமாற்றத் திட்டம் போட்டு வந்தது. நான் பாடினேன். வடை விழுந்தது.' கீழே சிவப்பு மையில் 'கோணம் மாறவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அதுதான் 'நான், நான்' என்று எழுதியிருக்கிறாளே டீச்சர், இன்னும் என்ன மாற வேண்டும்?
(கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா)

ப: சிவப்பு மையில் எழுதியது சரிதான். ஆனால் அதைப் படித்து எட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன புரியும்? நானும் பல வருஷம் இப்படித்தான் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தேன், அதனால் அந்த ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இடறுவது முக்கியமாக ஒரு வரியில். நரி ஏமாற்றத் திட்டம் போட்டது காக்காவுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்குமா? நமக்குத் தெரியும், ஏனென்றால் நாம் இந்தக் கதையை நூறு தடவை கேட்டவர்கள். காக்காவுக்கு அன்றுதான் முதல் தடவை. அமாவாசைக்குச் சோறு வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள், அது கரைந்தால் விருந்தாளி வருவார் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனால் இத்தனை நாளில் யாராவது ஒரு பாட்டுப் பாடேன் என்று கேட்டதுண்டா? நரிதான் கேட்டது. இதை மகளிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள், அந்த ஐந்து வரியை அவளே அடித்துவிட்டுப் புதிதாக எழுதுவாள்.

'திருடினேன்' என்பதும் உறுத்துகிறது. அது பாட்டியின் சொல். கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோறு போட்ட ஊரில் ஒரு வடையை எடுத்ததைக் காக்கா திருட்டு என்றா நினைத்திருக்கும்?

அதனால் கோணம், நோக்கு என்றெல்லாம் ஆரம்பிக்காமல் இரண்டே கேள்வி கேளுங்கள். இந்த நேரத்தில் கதை சொல்கிறவருக்கு என்ன தெரியும்? என்ன தெரியாது? இரண்டாவதுதான் முக்கியம். பிள்ளைகள் 'நான்' போட்டு எழுத ஒரே நாளில் பழகிவிடுவார்கள், தெரிந்த விஷயத்தைத் தெரியாததுபோல விட்டுவிட்டு எழுதத்தான் நாளாகும். பெரியவர்களே தடுமாறுகிற இடம் அது.

அப்புறம், ஒரு விடுமுறை நாளில் மலை ரயிலில் கூட்டிப்போங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது இஞ்சின் முன்னால் இருந்து இழுப்பதில்லை, பின்னால் இருந்து தள்ளுகிறது. டிரைவருக்கு முன்னால் தெரிவது பெட்டியின் முதுகு. பாதையைப் பார்ப்பவர் முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கிற பிரேக்ஸ்மேன். ஊட்டி வரை மொத்தம் 16 குகை. ஒரே ஒரு குகையை மட்டும் மூன்று பேராக எழுதச் சொல்லுங்கள். முன்னால் நிற்பவருக்கு இருட்டு எதிரே வருகிறது. நடுப்பெட்டியில் இருக்கிற பிள்ளைக்கு ஒரே கூச்சல், யார் முதலில் கத்தினார்கள் என்றே தெரியாது. டிரைவர் இன்னும் வெயிலில் இருக்கிறார், அவருக்கு முன்னால் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. இதற்கு மேல் எந்தப் பயிற்சிப் புத்தகமும் வேண்டாம்.

கே: நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டுமா? ஏழு வயதுக்கு முன் முடியாது என்று குழந்தை உளவியலாளர் பியாஜே சொன்னதாக ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டேன்.
(கொடைக்கானலிலிருந்து ஓர் ஆசிரியை)

ப: அப்படிச் சொல்ல வைத்த சோதனை, பியாஜேயும் அவரோடு ஆய்வு செய்த இன்ஹெல்டரும் 1948-இல் வெளியிட்ட புத்தகத்தில் வருகிறது. மேசையில் மூன்று மலைகளின் மாதிரி, வேறொரு பக்கத்தில் ஒரு பொம்மை. பொம்மைக்கு என்ன தெரியும் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிவதையே காட்டினார்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1975-இல் மார்ட்டின் ஹியூஸ் என்பவர் மலையை எல்லாம் எடுத்துவிட்டு, குறுக்கே இரண்டு சுவர், ஒரு போலீஸ் பொம்மை, ஒரு பையன் பொம்மை என்று வைத்தார். போலீஸ் கண்ணில் படாமல் பையனை ஒளித்து வை என்றதும் மூன்றரை, நான்கு வயதுப் பிள்ளைகளே பெரும்பாலும் சரியாக ஒளித்துவிட்டார்கள். பின்னே, ஒளிந்து விளையாடுவது அவர்கள் தினமும் செய்கிற வேலையாயிற்றே!

உங்கள் வகுப்பில் கடலை மிட்டாயை வைத்து இன்னொன்று செய்யலாம். ஒரு பையன் டப்பாவில் மிட்டாயை வைத்துவிட்டு வெளியே போகிறான், நீங்கள் அதை எடுத்துப் பைக்குள் போடுகிறீர்கள், திரும்பி வந்தால் அவன் எங்கே தேடுவான்? விம்மர், பெர்னர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1983-இல் சாக்லேட் வைத்துக் கேட்ட கேள்விதான் இது. மூன்று வயசு 'பையில்' என்று சொல்லும், நாலு நாலரையில் பல பிள்ளைகள் 'டப்பாவில்' என்பார்கள். தப்பாகச் சொன்ன பிள்ளையைத் திருத்த வேண்டாம், சில மாதம் கழித்துத் திரும்பக் கேளுங்கள். இந்த வயதில் எழுத்து வேலையே கூடாது, எல்லாம் வாயால்தான்.

கே: தன்மை, முன்னிலை, படர்க்கையை முதலில் மனப்பாடம் செய்ய வைத்துவிட்டால் சுலபமாக இருக்குமே?
(ஊட்டியிலிருந்து ஒரு அப்பா)

ப: வேண்டாம் சார். அது உங்கள் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டால் 'இதோ வர்றேன்' என்கிறானே தவிர 'போறேன்' என்பதில்லை, அம்மா நிற்கிற இடத்திலிருந்து பேசுகிறான். வருவதும் தருவதும் தன்மை முன்னிலைக்கு, செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கு என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. பேர் அப்புறம் தெரிந்துகொள்ளட்டும். சந்தேகமிருந்தால் நாளைக் காலை தோசை சாப்பிடும்போது, 'நாம்' என்று சொல்லாமல், 'நாங்கள் குன்னூர் போகிறோம்' என்று அவனைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். தட்டைத் தள்ளிவிட்டு 'அப்ப நான்?' என்பான்.