பாதி மூடித் திரும்பும் கேட்: போர்டை மாற்றுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள்

கேள்வி: எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வடக்குப் பார்த்த வாசல். ஒன்றரை வருஷம் முன்னால் புதுச்சேரிக் கடை ஒன்றில் சொல்லி மோட்டார் வைத்த ஸ்லைடிங் கேட் போட்டோம். மாசிக் கடைசியிலிருந்து காலையில் ரிமோட்டை அழுத்தினால் கேட் பாதி தூரம் மூடிவிட்டு அப்படியே திரும்பித் திறந்துகொள்கிறது. நாலைந்து தடவை அழுத்தினால் ஒரு தடவை மூடும். சாயந்திரம் ஒழுங்காக மூடுகிறது. போன புரட்டாசியிலும் கொஞ்ச நாள் இப்படி இருந்து தானாகச் சரியானது. மெக்கானிக் வந்து, "போர்டு போயிடுச்சும்மா, பதினாலாயிரம் ஆகும்" என்கிறார். மாற்றலாமா? அதுவரை ராத்திரி கேட்டை எப்படிப் பூட்டுவது?

பதில்: மாற்ற வேண்டாம். போர்டு என்பது கேட்டை இயக்கும் சர்க்யூட் அட்டை, அதற்கு மணி பார்க்கத் தெரியாது. அது கெட்டிருந்தால் காலையில் ஒரு மாதிரியும் சாயந்திரம் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளாது; புரட்டாசியில் கெட்டு, நடுவில் தேறி, மாசியில் மறுபடி கெடாது. உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. வீடு வரை வந்த மெக்கானிக் அந்த இரண்டு மாதங்களைப் பற்றிக் கேட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

கேட்டின் இரண்டு தூண்களிலும் முழங்கால் உயரத்தில் எதிரும் புதிருமாக இரண்டு கறுப்பு டப்பிகள் இருக்கும், அவைதான் சென்சார். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்புகிறது, மற்றது வாங்குகிறது. கேட் மூடும்போது அந்த ஒளி அறுபட்டால், குறுக்கே குழந்தையோ வண்டியோ வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு போர்டு கேட்டைத் திருப்பிவிடும். திறக்கும்போது பெரும்பாலும் இதைக் கண்டுகொள்ளாது. அதனால்தான் திறப்பதில் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. போர்டு தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, சென்சார்தான் பொய் சொல்கிறது.

பொய் சொல்ல வைப்பது வெயில். ஒளியை வாங்கும் டப்பிக்குள் வெயில் நேராக அடித்தால் அதற்குக் கண் கூசிவிடும், எதிர்த் தூணிலிருந்து வரும் ஒளி தெரியாது. இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கிழக்குப் பார்த்த வீட்டுக்குத்தான் காலை வெயில் தொல்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சென்சாரைப் பொறுத்தவரை நேர் தலைகீழ். கிழக்குப் பார்த்த வாசலில் இரண்டு தூண்களும் வடக்கும் தெற்குமாக நிற்கும், ஒளியும் வடக்கு தெற்காக ஓடும், வெயில் பக்கவாட்டில்தான் படும். வடக்கோ தெற்கோ பார்த்த வாசலில் ஒளி கிழக்கு மேற்காக ஓடும். வாங்கும் டப்பி மேற்குத் தூணில் இருந்தால் அது நாள் முழுக்கக் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். வாஸ்து பார்த்து வாசல் வைக்கிறவர்கள் சென்சாருக்கும் திசை உண்டு என்று நினைத்துப் பார்ப்பதில்லை, போடுகிறவரும் சொல்வதில்லை.

அப்படியானால் வருஷம் முழுக்கத் தொல்லை இருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது மார்ச் 20-ஐ ஒட்டியும் செப்டம்பர் 23-ஐ ஒட்டியும்தான். அதாவது மாசிக் கடைசி, பங்குனி, புரட்டாசி. ஜூன் கடைசியில் ஏறக்குறைய 24 டிகிரி வடக்கே தள்ளியும், டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே தள்ளியும் உதிக்கும். அப்போதெல்லாம் வெயில் டப்பியின் கண்ணுக்கு நேராக விழாது. உங்கள் தெரு கிட்டத்தட்ட நேர் கிழக்கு மேற்காக ஓடுகிறது என்று இதை வைத்தே சொல்லலாம். கொஞ்சம் கோணலான தெருவாக இருந்தால் தொல்லை வரும் மாதங்கள் முன்னே பின்னே நகரும். நம் கடற்கரையில் பங்குனிக் காலையில் சூரியன் ஆறேகாலுக்கு உதித்து, மணிக்கு ஏறக்குறைய 15 டிகிரி வீதம் செங்குத்தாக மேலே ஏறும். அதனால் முதல் ஒரு மணி நேரம்தான் கெட்ட நேரம், பள்ளி வேன் வருகிற நேரமும் அதுவாகவே இருக்கிறது. மெக்கானிக் பதினொரு மணிக்கு வந்து அழுத்திப் பார்த்தால் கேட் நன்றாக மூடும். உடனே, "விட்டு விட்டு வர்ற கம்ப்ளைண்டும்மா, போர்டுதான்" என்பார். விட்டு விட்டு வருவதெல்லாம் போர்டு என்பது இந்தத் தொழிலில் ஒரு வேதவாக்கு.

நீங்களே சோதிக்கலாம். இரண்டில் எது வாங்கும் டப்பி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மூடியைக் கழற்றினால் அனுப்புவதில் இரண்டு ஒயரும் வாங்குவதில் நான்கோ ஐந்தோ இருக்கும் (கழற்றும் முன் கேட்டுக்கான எம்சிபியை, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை, இறக்கிவிடுங்கள்). மூடியைப் போட்டு, எம்சிபியை ஏற்றி, காலை ஏழு மணிக்கு, கேட் திருப்பிக்கொண்டு ஓடுகிற நேரத்தில், ஒருவர் அந்த டப்பிக்கு மேலே ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கூரை மாதிரி நீட்டிப் பிடிக்கட்டும். வெயிலில் தூரத்தில் வருகிறவரைப் பார்க்க நெற்றியில் கையை வைப்போமே, அந்த மாதிரி. எதிர்த் தூணிலிருந்து வரும் ஒளியை மறைத்துவிடக் கூடாது. கேட் ஓடும் பாதையை விட்டு விலகி நில்லுங்கள். இன்னொருவர் ரிமோட்டை அழுத்தட்டும். மூன்று தடவை அழுத்தி மூன்று தடவையும் மூடினால் போர்டைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

சரிசெய்யும் வழி, இரண்டு டப்பிகளையும் தூண் மாற்றி வைப்பது. வாங்குவது கிழக்குத் தூணுக்குப் போய் மேற்கைப் பார்க்கட்டும். மேற்கே பக்கத்து வீடோ மரமோ மறைத்தால் வேலை முடிந்தது. வெட்டவெளியாக இருந்தால் காலைத் தொல்லை சாயந்திரத்துக்கு மாறும், அவ்வளவுதான். மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள். அனுப்பும் பக்கத்துக்கு இரண்டு ஒயர் மட்டும் தரைக்கடியில் இழுத்துவிட்டுச் சிமென்ட் பூசியிருப்பார்கள், வாங்கும் டப்பிக்கு நான்கு வேண்டும். தரைக்கடியில் குழாய் விட்டிருந்தால் பழைய ஒயரைப் பிடித்தே புதுசை இழுத்துவிடலாம். குழாய் இல்லை என்றால், ஒன்றரை அங்குல பிவிசி குழாயில் மூன்று அங்குலம் வெட்டி, உட்புறம் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் அடித்து, டப்பியின் கண்ணுக்கு முகமூடியாக மாட்டுங்கள். வெள்ளையாகவே விட்டால் உள்சுவரில் பட்ட வெயில் திரும்பக் கண்ணில்தான் விழும். தொல்லை முழுசாக ஒழியாது, ஏழு மணி சுமாருக்கு முடிந்துவிடும். இன்னும் நீளமாக வைத்தால் இன்னும் சீக்கிரம் விடும், ஆனால் காரில் உரசும்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. போர்டு வேண்டாம் என்று நீங்கள் சொன்னதும், "சரி, ஐந்நூறு குடுங்க, சரி பண்ணித் தர்றேன்" என்று ஒருவர் வருவார். போர்டு இருக்கும் பெட்டியைத் திறந்து சென்சார் ஒயர் வந்து சேரும் இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு ஒயரை வைத்து இரண்டு முனையையும் இணைத்துவிடுவார். இதை ஜம்பர் என்பார்கள். கேட் அருமையாக மூடும். காலை, மாலை, மழை, வெயில் எதுவானாலும் மூடும், குழந்தை குறுக்கே நின்றாலும் மூடும். பழுது எங்கே என்று பார்க்க ஐந்து நிமிஷம் ஜம்பர் வைப்பது சரி. வைத்துவிட்டுப் போவது குற்றம். பன்னிரண்டு அடி இரும்பு கேட்டின் எடை விளையாட்டல்ல. கூடவே மோட்டாரின் தள்ளும் விசையைக் கூட்டும் திருகையும் கடைசி வரை திருகி வைத்திருப்பார்கள், இடித்தாலும் கேட் நிற்காது. யார் வந்து வேலை பார்த்துவிட்டுப் போனாலும், பணம் கொடுக்கும் முன் கேட்டை மூடவிட்டு, பக்கவாட்டில் நின்று, ஒரு துடைப்பத்தை இரண்டு டப்பிக்கும் நடுவே நீட்டுங்கள். கேட் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் பெட்டியை மறுபடி திறக்கச் சொல்லுங்கள். காலை நீட்டிச் சோதிக்காதீர்கள்.

சோதனையில் காரணம் வெயில் இல்லை என்று தெரிந்தால், கேட் எந்த இடத்திலிருந்து திரும்புகிறது என்று சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடம் என்றால் மறுபடி சென்சார்தான்: உப்புக்காற்றில் படிந்த படலம், சிலந்தி வலை, டப்பிக்குள் எறும்புப் புற்று, தளர்ந்து கீழே பார்க்கும் டப்பி. ஈரத்துணியால் வாரம் ஒரு தடவை துடைத்தாலே பாதி சரியாகும். திருகுகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுங்கள், சாதாரணத் திருகு நம் ஊர்க் காற்றில் சீக்கிரமே இற்றுப்போகும். ஒயர் நுழையும் ஓட்டையைக் கிளாண்ட் (ஒயரைச் சுற்றி இறுக்கும் மூடி) போட்டு அடைக்காவிட்டால் எறும்பும் பல்லியும் குடிவந்துவிடும்.

ஒரே இடத்தில் திரும்பினால் இரும்பு வேலை. ட்ராக்கில் மணலோ கல்லோ, தேய்ந்த வீல் பேரிங்கோ இருக்கும். மோட்டாரின் பல் சக்கரத்துக்கும் கேட்டின் பல் பட்டைக்கும் நடுவே ஒரு ரூபாய்க் காசின் கனம் அளவுக்கு இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் கேட்டின் பாரம் மோட்டார் மேல் உட்காரும். ட்ராக்குக்குக் கிரீஸ் தடவாதீர்கள், மணலைப் பிடித்து உப்புத்தாள் மாதிரி ஆக்கிவிடும்.

கடைசி வரை போய்த் தூணில் இடித்துத் திரும்பினால், நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் காந்தமோ ஸ்பிரிங்கோ நகர்ந்திருக்கிறது. இரண்டு திருகு வேலை, அதற்கு இரண்டாயிரம் கேட்பார்கள்.

போர்டு நிஜமாகவே போவது பெரும்பாலும் இரண்டு சந்தர்ப்பத்தில்: இடி, தண்ணீர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது கொட்டிய மாதிரி மழை பெய்தால், தரையோடு தரையாக மோட்டார் வைத்த வீடுகளில் பெட்டிக்குள் தண்ணீர் போகும். மோட்டாரின் மேடை தெருமட்டத்துக்கு மேல் ஓர் அடியாவது இருக்க வேண்டும். என்றைக்காவது போர்டை மாற்றும்படி ஆனால் பழைய போர்டைக் கையில் வாங்காமல் பணம் தராதீர்கள். கருகிய இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். "கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்" என்றால் அதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல போர்டு உங்கள் வீட்டில் கெட்டுப்போய், அடுத்த தெருவில் புதுசாக மறுபிறவி எடுக்கும் வித்தை ஊரறிந்தது.

இன்னொன்று. ஒன்றரை வருஷம்தான் ஆகிறது என்கிறீர்கள். வாரண்டி கார்டைப் பார்த்தீர்களா? இரண்டு வருஷம் போட்டிருந்தால், சென்சாரைத் தவறான தூணில் வைத்ததும் வேலைக்குறைதான் என்று கடைக்காரருக்கு எழுதிக் கேளுங்கள். "முள்ளோடை தாண்டி சர்வீஸ் கிடையாது" என்பார்கள், புதுச்சேரி எல்லை அங்கே முடிகிறது. விற்கும்போது எல்லை தெரியாதவர்களுக்கு சர்வீஸ் என்றதும் தெரிந்துவிடுகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியது எந்த ஊரானாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில், அதாவது கடலூரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டால் கட்டணமும் இல்லை, குறை வந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். வாய்தா வாய்தாவாக அலைய விடுவார்கள் என்பதும் உண்மைதான், ஆனால் பல கடைகள் எழுத்தில் ஒரு புகார் போனதுமே ஆள் அனுப்பிவிடும். இதற்கெல்லாம் பில் வேண்டும். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்றபோது தலையாட்டியிருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

ராத்திரிப் பூட்டு: சாயந்திரம் ஒழுங்காக மூடுவதால் இப்போதைக்கு ரிமோட்டே போதும். மூடாத நாளில் எம்சிபியை இறக்கிவிட்டு, மோட்டார் பக்கவாட்டில் உள்ள சிறு கதவில், கேட்டை மோட்டாரின் பிடியிலிருந்து விடுவிக்கும் கிளட்ச் சாவியைப் போட்டுத் திறங்கள். கேட் ஒரு கையால் தள்ளினால் ஓட வேண்டும். தள்ளி மூடிய பின் சங்கிலி போட்டுத் தூணோடு பூட்டுங்கள், கிளட்ச் விட்ட கேட்டை யார் வேண்டுமானாலும் தள்ளித் திறக்கலாம். காலையில் முதலில் சங்கிலியை எடுத்து, பிறகு கிளட்சை மாட்டி, கடைசியில் எம்சிபியை ஏற்றுங்கள். சங்கிலி இருக்கும்போது ரிமோட்டை அழுத்தினால் பல் பட்டைதான் உடையும். அந்தச் சாவி எங்கே என்று இன்றைக்கே தேடி வைத்து, சாவிக்கொத்தில் மாட்டுங்கள். போட்டவர் தரவே இல்லை என்றால் மோட்டாரின் மேல் உள்ள மாடல் எண்ணைச் சொல்லித் தனியாக வாங்கலாம்.