தாத்தாவின் தூண்டில் கோலும் தச்சரின் உப்புத்தாளும்

கேள்வி (குன்னூர் வாசகர் ஒருவர்): என் தாத்தா நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தலைமை எழுத்தராக இருந்தார். 1950களில் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது தம் மூங்கில் தூண்டில் கோலைத் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். துணிப்பையில் நான்கு துண்டுகள் இருக்கின்றன. அடித்துண்டில் தக்கைப் பிடி உள்ளது. அதில் செருகப்பட்ட நடுத்துண்டு கழல மறுக்கிறது. நுனித்துண்டுகள் இரண்டில் ஒன்று மற்றதைவிட மூன்று அங்குலம் குட்டையாக உள்ளது. வார்னிஷ் செதில் செதிலாக உதிர்கிறது. பிடிக்குச் சற்று மேலே மையால் ஏதோ எழுதியிருப்பது மங்கலாகத் தெரிகிறது. எங்கள் தச்சர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதிதுபோல் ஆக்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? இது யார் செய்தது, என்ன விலை பெறும்?

பதில்: கொடுக்காதீர்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. முதன்முதலில் என் கைக்கு வந்த பழைய கோலை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் நானே உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து முடித்தேன். மாலையில்தான், உதிர்ந்த வார்னிஷ் தூளோடு செய்தவரின் பெயரும் வரிசை எண்ணும் போய்விட்டன என்பது உறைத்தது. அது யார் செய்த கோல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எழுத்து போவது ஒரு நஷ்டம். மூங்கில் போவது அதைவிடப் பெரியது. இத்தகைய கோல் முழு மூங்கில் அன்று. மூங்கிலை நீளவாக்கில் பிளாச்சுகளாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் 60 பாகை முக்கோணமாக இழைத்து, ஆறு பிளாச்சுகளைச் சேர்த்து ஒட்டிய அறுகோணத் தண்டு அது. மூங்கிலின் வலிமையெல்லாம் மேல்தோலை ஒட்டிய நார்களில் அடர்ந்திருப்பதால், செய்பவர் அந்தப் பக்கத்தை வெளியே வைத்துவிட்டு உட்புறத்தை மட்டுமே இழைப்பார். நுனித்துண்டில் அந்த இழைப்பு அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குவரை கணக்குப் பார்த்துச் செய்யப்படுவது. வெளிப்பக்கத்தில் உப்புத்தாள் ஓடினால் தேய்வது அழுக்கு மட்டுமல்ல, கோலை நிமிர்த்திப் பிடிக்கும் நாரும்தான்.

முதல் வேலையாக அந்த எழுத்தைப் படிக்கப் பாருங்கள். இருட்டறையில் டார்ச் விளக்கைத் தண்டோடு படுக்கவைத்தாற்போல் பக்கவாட்டில் அடித்து, பூதக்கண்ணாடி கொண்டு பாருங்கள். ஈரவிரலால் இலேசாகத் துடைத்தால் மங்கிய வார்னிஷ் சிறிது நேரம் தெளியும், அந்த நேரத்துக்குள் படம் எடுத்துவிடுங்கள். இங்கிலாந்தின் ஆல்னிக் நகரில் 1872இல் தொடங்கப்பட்ட ஹார்டி நிறுவனம் கோலின் பெயரையும் வரிசை எண்ணையும் இப்படிக் கையால் எழுதும் வழக்கமுடையதாக இருந்தது. ‘பாலகோனா’ என்ற சொல் தெரிந்தால் அது ஹார்டியின் பிளாச்சு மூங்கிலுக்கான வணிகப் பெயர். கயிறு சுற்றும் ரீலைப் பொருத்தும் உலோகப் பகுதியிலும் பிடியின் அடிமூடியிலும் பொறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் பெயர் கிடைத்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பேர்போன ரெட்டிச் நகரத்துப் பட்டறைகள் செய்து அனுப்பிய கோல்களில் விற்ற கடையின் பெயரே பொறிக்கப்பட்டிருப்பது சாதாரணம்.

பெயர் தெரியாவிட்டாலும் கோலே பேசும். துண்டின் முனையைப் பாருங்கள். ஆறு முக்கோணங்கள் கூடும் கோடுகள் தெரிந்தால் பிளாச்சு மூங்கில். கணுவே இல்லாமல் ஒரே மரத்தின் ரேகை உருண்டையாக ஓடினால் அது கயானாப் பகுதியிலிருந்து வந்த கிரீன்ஹார்ட் மரம், அந்தக் காலத்தில் அதிலும் ஏராளமான கோல்கள் செய்தார்கள். மூங்கிலில் ஆங்காங்கே சுட்ட தழும்புகள் இருந்தால் அது ‘கல்கத்தா கேன்’ என்று அழைக்கப்பட்ட நம் நாட்டு மூங்கிலாக இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் கோல் செய்பவர்கள் அதையே நம்பியிருந்தார்கள். பிறகு அந்த இடத்தைப் பிடித்தது டோங்கின் மூங்கில். பெயரில் வியட்நாம் இருந்தாலும் அது விளைவது சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில். 1931இல் மெக்லூர் என்ற தாவரவியலாளர் அதற்கு அருண்டினேரியா அமாபிலிஸ் என்று பெயரிட்டார். அமாபிலிஸ் என்றால் அன்புக்குரியது என்று பொருள். தண்டு முழுவதும் விரற்கடை இடைவெளியில் பட்டு நூல் சுற்றியிருந்தால், பழைய விலங்குப் பசையை நம்பாமல் போட்ட கட்டு என்று கொள்ளலாம். ஆனால் அதை மட்டும் வைத்து வயது சொல்லக்கூடாது, பிரிட்டிஷ் பட்டறைகள் பசை மேம்பட்ட பிறகும் அந்த வழக்கத்தை எளிதில் விடவில்லை.

இனி அந்தக் குட்டை நுனி. மூன்று துண்டுக் கோல்களில் பெரும்பாலும் எல்லாத் துண்டுகளும் ஒரே நீளம் இருக்கும். நுனிகள் மாற்றி மாற்றி ஓய்வெடுக்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு கொடுத்தார்கள். ஆகவே மூன்று அங்குலம் குறைந்த நுனி எப்போதோ கதவிலோ கார் சன்னலிலோ சிக்கி ஒடிந்து, ஒடிந்த இடத்தில் நுனிவளையம் மீண்டும் பொருத்தப்பட்டதாகவே இருக்க வேண்டும். இதனால் சேகரிப்பாளர் கொடுக்கும் விலை கணிசமாகக் குறையும். அதைவிடக் கொடுமை, இரண்டும் சமமாக இருக்கட்டும் என்று நல்ல நுனியையும் வெட்டுவது. அப்படி வெட்டப்பட்ட ஒரு கோலை நான் பார்த்திருக்கிறேன். குட்டையானதை அப்படியே வைத்துக்கொண்டு நல்லதைப் பாதுகாப்பதே இப்போதைக்குப் போதும்.

இறுகிய இணைப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய கோல்கள் பலவும் உடைவது மீன் இழுத்து அன்று, இந்த இடத்தில் மனிதர் முறுக்கித்தான். துண்டுகளை இணைக்கும் பூண் பெரும்பாலும் ஜெர்மன் சில்வரால் ஆனதாக இருக்கும். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த அதில் வெள்ளி துளியும் இல்லை, செம்பு இருப்பதால் பச்சையாகக் களிம்பு ஏறும். முறுக்கினால் பூண் அசையாது, அதற்குள் இருக்கும் பிளாச்சுகளின் ஒட்டுதான் விட்டுப்போகும். கொறடு போட்டால் பூண் நசுங்கும். பலகாலமாகக் கையாளப்படும் முறை இது: நின்றபடி முழங்கால்களைச் சற்று மடக்கி, கோலை முழங்கால்களின் பின்புறமாகக் கிடையாக வைத்து, பூணுக்கு இருபுறமும் நெருக்கமாகக் கைகளால் பற்றிக்கொள்ளுங்கள். கைகளை நீட்டி விறைப்பாக வைத்துக்கொண்டு முழங்கால்களை மெல்ல விரியுங்கள். தொடையின் பலம் நேர்கோட்டில் இழுக்கும். முதல் நாள் வரவில்லையென்றால் உட்செருகும் பக்கத்தில் சிறிது நேரம் பனிக்கட்டிப் பையை ஒட்டிவைத்துக் குளிரவிட்டு மறுபடி பாருங்கள். கழன்ற பிறகு, எரிசாராயம் எனப்படும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் இரு பாதிகளின் உலோகத்தை மட்டும் துடைத்தால் போதும். ஸ்பிரிட் வார்னிஷைக் கரைக்கும் என்பதால் தண்டில் படக்கூடாது. எண்ணெய் போடாதீர்கள். நல்ல பூணைப் பிரிக்கும்போது பாட்டில் தக்கையை எடுத்தாற்போல் ‘பொப்’ என்று ஒலி வரும். அந்த ஒலியைக் கேட்டீர்களானால் பூண் தேயவில்லை என்று மகிழலாம்.

வார்னிஷ் உதிர்வதைக் கண்டு பதற வேண்டாம். மிதமான சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். ஊறவைக்கக் கூடாது, பழைய விலங்குப் பசை நீரிலும் வெப்பத்திலும் இளகும். அதே காரணத்தால் வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வைக்காதீர்கள். அடுத்து ஒவ்வொரு துண்டையும் காதருகே பிடித்து இலேசாக வளையுங்கள். ‘டிக்’ என்று கேட்டால் எங்கோ ஒட்டு விட்டிருக்கிறது, அது கைதேர்ந்தவரிடம் போக வேண்டிய வேலை. ஒலி ஏதும் இல்லாமல் நுனி மட்டும் ஒருபக்கமாகக் கூன் விழுந்திருந்தால் கவலை இல்லை. பையிலிட்டு நேராகத் தொங்கவிடுங்கள், நிமிர்ந்த மட்டும் லாபம். நம் ஊரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மூங்கிலில் குண்டூசி முனையளவு துளைகளும், தட்டினால் மாவுபோன்ற தூளும் இருந்தால் கோல் உளுத்துப்போகத் தொடங்கிவிட்டது; அதை வீட்டின் மற்ற மூங்கில் பொருள்களிலிருந்து உடனே விலக்கி வையுங்கள். மண்ணெண்ணெய் பூசுவது நம் வீடுகளில் வழக்கம்தான், ஆனால் எண்ணெய் ஊறிய மூங்கிலில் பிறகு வார்னிஷ் பிடிக்காது.

நூல்கட்டு பிரிந்திருந்தால் மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றுமுன் அளந்து படம் எடுங்கள். வார்னிஷ் பட்டதும் பட்டு நூல் ஒளி ஊடுருவும்படி ஆகி நிறம் கறுக்கும், வெள்ளை நூல் கண்ணுக்கே தெரியாமல் போகும் என்பதால், ஒரு மூங்கில் சுள்ளியில் சுற்றிப் பூசிப் பார்த்த பிறகே கோலில் கை வைக்க வேண்டும். கயிறு ஓடும் வளையங்களில் அகேட் கல் பதித்திருந்தால் உள்ளே ஒரு பஞ்சுத் துணுக்கை இழுத்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் பஞ்சு சிக்கும், பஞ்சு சிக்கும் இடத்தில் கயிறு அறுபடும்.

விலையைப் பொறுத்தவரை, எழுத்தைப் படிக்காமல் எதுவும் சொல்வது ஏமாற்றுவதாகும். பழையது என்பதாலேயே விலை ஏறிவிடாது. பட்டறைகளில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவையே அதிகம். ஆனால் உங்கள் கோலுக்கு ஊரோடு உண்மையான உறவு இருக்கிறது. 1860களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே நீலகிரியில் டிரௌட் மீனைக் குடியேற்ற முயன்று தோற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்த பிறகே வானவில் டிரௌட் அந்த ஓடைகளில் நிலைத்தது. துரை அந்த ஓடைகளில்தான் இதை வீசியிருப்பார் என்று நினைக்கிறேன். தாத்தாவுக்கு அவர் எழுதிய கடிதமோ படமோ வீட்டில் இருந்தால் கோலோடு சேர்த்தே வையுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர் ஒருவர்): கப்பலில் பணிபுரிந்த என் பெரியப்பா ஜப்பானிலிருந்து கொண்டுவந்த மூங்கில் கோல் ஒன்று அழகான மரப்பெட்டியில் இருக்கிறது. அரிய பொருளா?

பதில்: பெரும்பாலும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படையினரும் பயணிகளும் வாங்கிச் செல்வதற்காக ஜப்பானில் இத்தகைய பெட்டிகள் மிகுதியாகச் செய்யப்பட்டன. பெட்டி அருமையாக இருக்கும். பசையும் பூணும் அவ்வளவு நம்பத்தக்கவை அல்ல. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்னும் ஆங்கில முத்திரை எங்காவது இருந்தால் 1952க்குப் பிந்தையது அல்ல என்று உறுதிப்படும். பெட்டியோடு சுவரில் வையுங்கள், அழகாக இருக்கும். அதைக் கொண்டு மீன் பிடிக்க மட்டும் போகாதீர்கள்.

கேள்வி (மீண்டும் குன்னூர் வாசகர்): சரிசெய்த பின் இதைப் பயன்படுத்தலாமா? பழைய ரீலில் இருக்கும் பட்டுக் கயிற்றையே போடலாமா?

பதில்: ஒட்டும் பூணும் உறுதியாக இருந்தால், உரிய அனுமதி பெற்றுத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பட்டுக் கயிறு இவ்வளவு காலம் ரீலில் கிடந்து பிசுபிசுத்து நைந்திருக்கும், அதை நம்பாதீர்கள். பழைய கோல்களிலும் பட்டியல்களிலும் எச்.டி.எச். போன்ற எழுத்துகளைக் காணலாம். 1961இல் எண்முறை வருமுன் கயிற்றின் பருமனை அப்படித்தான் குறித்தார்கள், எச்.டி.எச். என்பது இன்றைய 6ஆம் எண்ணுக்கு ஏறத்தாழ இணை. ஐயமிருந்தால் ஓர் எண் குறைவான கயிற்றில் தொடங்குங்கள். முள் பாறையில் மாட்டிக்கொண்டால் கோலை வளைத்து இழுக்காமல், கோலைக் கயிற்றின் திசையிலேயே நீட்டிக் கையால் கயிற்றை இழுங்கள். வீடு திரும்பியதும் துடைத்து, ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிட்ட பிறகே பையில் போடுங்கள். குன்னூர் மழைக்காலத்தில் இரண்டு நாள். அந்த எழுத்தின் படம் கிடைத்தால் அனுப்புங்கள், அடுத்த இதழில் சேர்ந்து படிப்போம்.