ஜன்னலோரம் ஒரு தட்டு இட்லி

கேள்வி: வீட்டில் செய்யும் பலகாரங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துச் சேர்த்துவர விரும்புகிறேன். ஆனால், இரவில் சமையலறை விளக்கின் கீழ் எடுத்தால் இட்லி மஞ்சளாக விழுகிறது. பகலில் எடுத்தாலோ சாம்பல் பூத்ததுபோல் இருக்கிறது. நல்ல கேமரா வாங்கினால் இந்தக் குறை தீருமா?
– சேலம் வாசகி ஒருவர்

பதில்: கேமராவுக்கான பணம் இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும். எவ்வளவு விலையுயர்ந்த கேமராவானாலும் அதே விளக்கின் கீழ் ஏறக்குறைய அதே படத்தைத்தான் தரும். மாற வேண்டியது தட்டு இருக்கும் இடம். வெயில் நேராக விழாத ஒரு ஜன்னலை ஒட்டிச் சிறு மேசையைப் போட்டு, வெளிச்சம் தட்டின் பக்கவாட்டில் படும்படி வைத்து, அறையிலுள்ள எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். வெளிச்சம் எவ்வளவு மஞ்சள் அல்லது நீலம் என்பதைக் காட்டும் அளவை நிற வெப்பநிலை என்பார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். பகல் வெளிச்சத்தின் நிற வெப்பநிலை சுமார் 5500 கெல்வின். மஞ்சள் பல்பினுடையது சுமார் 2700 கெல்வின். இரண்டும் ஒரே தட்டில் விழும்போது, எதை வெண்மை என்று கொள்வது எனத் தெரியாமல் கேமரா தடுமாறுகிறது. வெயில் நேராக அடிக்கும் ஜன்னல்தான் உண்டென்றால், மெல்லிய வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டினால் போதும். தட்டின் மறுபக்கம் நிழல் கறுத்து விழுந்தால், அங்கே ஒரு வெள்ளை சார்ட் தாளையோ தெர்மகோல் அட்டையையோ நிறுத்துங்கள்.

பகலில் இட்லி சாம்பல் பூப்பதற்குக் காரணம் வேறு. கேமராவின் ஒளியளவி தன் முன்னால் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரவே முயலும். வெள்ளை இட்லி, வெள்ளைத் தட்டு, தேங்காய்ச் சட்னி என்று எல்லாமே வெளுப்பாக இருந்தால், வெளிச்சம் மிகுந்துவிட்டது என்று எண்ணிக் குறைத்துவிடும். பெரும்பாலான கைப்பேசிகளில் திரையில் இட்லியின்மேல் விரலால் தொட்டால் சிறு சூரியக் குறி தோன்றும். அதைக் கொஞ்சம் மேலே இழுத்தால் வெண்மை திரும்பிவிடும். எள்ளுருண்டைக்கும் உளுந்தங்களிக்கும் இதற்கு நேர்மாறாகக் கீழே இழுக்க வேண்டும்.

பக்கவாட்டு வெளிச்சத்தின் அருமையை அறிய, துணியில் ஊற்றி வேகவைத்த இட்லி ஒன்றை எடுத்துப் பாருங்கள். துணியின் இழை பதிந்த தடமும், பிட்ட இடத்தில் தெரியும் நுண்துளைகளும், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு துளி நிழலோடு எழுந்து நிற்கும். பார்த்தவுடன் அதன் மென்மை விரலுக்குத் தெரிகிறதென்றால் அந்த நிழல்களால்தான். கைப்பேசியின் ஃபிளாஷ் நேர் எதிரிலிருந்து பாய்ந்து இவற்றையெல்லாம் அழித்துவிடும் என்பதால், உணவுப் படத்துக்கு அதைப் பயன்படுத்தவே வேண்டாம் என்பேன்.

இலைச் சாப்பாட்டையும் தோசையையும் நேர் மேலிருந்து எடுக்கலாம். டபராவில் நிற்கும் காபி டம்ளரை அதன் நுரை தெரியும்படி ஏறக்குறைய அதன் மட்டத்துக்கே குனிந்து எடுக்க வேண்டும். மிக அருகில் சென்றால் முன்னால் இருக்கும் இட்லி மட்டும் வீங்கித் தெரியும். ஆகவே சற்றுப் பின்னால் நகர்ந்து, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். எவர்சில்வர் தட்டு, ஜன்னலையும் உங்களையும் சேர்த்தே காட்டும் என்பதால், தொடக்கத்தில் மண் தட்டோ துடைத்த வாழையிலைத் துண்டோ நல்லது.

கேள்வி: நான் எடுக்கும் சாம்பார் படத்தில் காய்கள் மூழ்கி, ஆடை படர்ந்து, ஆறிப்போனதுபோல் தெரிகிறது. ஆவி பறப்பதைக் காட்ட முடியுமா?
– மதுரை வாசகர் ஒருவர்

பதில்: முடியும். முதலில் வெற்றுக் கிண்ணத்தை வைத்துக் கோணத்தையும் வெளிச்சத்தையும் முடிவு செய்துகொண்டு, அதன் பிறகே சாம்பாரை ஊற்றுங்கள். கிண்ணத்தின் அடியில் சிறிய கிண்ணி ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் முருங்கைக்காய்த் துண்டுகள் மூழ்காமல் மேலே நிற்கும். தாளிப்பையும் கொத்தமல்லியையும் படம் எடுப்பதற்குச் சற்று முன்பு சேருங்கள். விளம்பரப் படங்களில் பளபளப்புக்காக கிளிசரின் தடவுவது உண்டு. வீட்டில் அது வேண்டாம். படம் எடுத்த கிண்ணத்தை அப்படியே பந்திக்குக் கொண்டுபோக வேண்டும் அல்லவா?

ஆவி தெரிய, பின்னணி இருண்டும் வெளிச்சம் பின்னாலிருந்து வருவதாகவும் இருக்க வேண்டும். ஜன்னல் கிண்ணத்துக்குச் சற்றுச் சாய்வாகப் பின்புறம் அமையும்படி மேசையைத் திருப்பி, கிண்ணத்துக்கு நேர் பின்னால் கருநீலப் புடவை ஒன்றைத் தொங்கவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கொதிக்கும் சாம்பாரை ஊற்றிய கையோடு பத்துப் பன்னிரண்டு படங்களைத் தொடர்ந்து எடுங்கள். அவற்றில் ஒன்றிரண்டிலாவது ஆவியின் சுருள் தெளிவாக விழுந்திருக்கும்.